ஆப்பரேட்டர் வரவும்

பத்தொன்பது நாளாகக் கந்தப்பன் எண்களைப் படித்துக்கொண்டிருந்தான். ஏழுக்கு மேல் இலக்கமே இல்லாத எண்கள். மிஷின் செத்துப்போன நேரத்தில் அதன் மெமரியில் என்னென்ன இருந்தது என்று அச்சடித்து எடுத்தால் பந்திப்பாய் நீளத்துக்குக் காகிதம் வரும். அதை வரிவரியாகப் பென்சிலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கண் எரிந்தது, பிடரி கனத்தது. வீட்டில் சோற்றைப் பிசையும்போதுகூட விரல் எட்டெட்டாக எண்ணியது. மனைவி சரஸ்வதி முதல் வாரம் என்னவென்று கேட்டாள், இரண்டாம் வாரம் முறைத்தாள், மூன்றாம் வாரம் விட்டுவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, ஆடி மாதம். வாளையாறு ரோட்டோரம் இருந்த அந்தக் கம்பெனிக்கு அணைக்கட்டுகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்துகொடுப்பது தொழில். இடுக்கி மலைமேல் ஓர் அணைக்காக முதல்முறையாகப் பேனலோடு ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தருகிறோம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பவருக்கு வாயோடு போயிற்று. இரண்டு பீரோ அகலத்துக்கு மிஷின் வந்து இறங்கியது. அதன் மெமரியோ பதினாறாயிரம் சொச்சம் வார்த்தைகள்தான். அதற்குள் நீர்மட்டம் பார்க்கும் வேலை, மதகு பார்க்கும் வேலை, மணிக்கொரு தரம் கணக்கை அச்சடிக்கும் வேலை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். யார் எங்கே உட்காருவது, யார் எப்போது எழுந்திருப்பது என்று மேய்க்க ஒரு தாய்ப் புரோகிராம் உண்டு. அதை எழுதியது கந்தப்பன். காகிதத்தில் அதற்குப் பெயர் சூப்பர்வைசர். ஆனால் செக்‌ஷனில் எல்லாரும் அதைக் கங்காணி என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவள் ஆப்பரேட்டர் இன்பமேரி.

இன்பமேரி தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா ரோசி முப்பத்திரண்டு வருடம் கொழுந்து கிள்ளியவள், வருகிற மார்கழியோடு அவளுக்கு ஓய்வு. வீட்டில் ஒருத்தர் பேராவது எஸ்டேட் பதிவில் இருந்தால்தான் குடியிருக்க எஸ்டேட் தந்த லயத்து வீடு நிற்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இன்பமேரி பிரிடிகிரி படித்து, டெலிபிரிண்டர் பழகி, இங்கே வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமானால் கஞ்சிக்கோட்டில் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். வேலை போனால் அவளே மலையேறிப் போய்ப் பேர் பதிந்து கூடையைத் தூக்க வேண்டும். இது செக்‌ஷனில் எல்லாருக்கும் தெரியும். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். யாரைக் குறைப்பது என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது கம்பெனியும் சங்கமும் ஒத்துக்கொண்ட முறை, கடைசியாக வந்தவள் இன்பமேரி.

கந்தப்பனுக்கு ஒரு நப்பாசை இருந்தது. இருபத்தைந்தாம் தேதி அணைக்காரர்கள் மிஷினைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பழுதைக் கண்டுபிடித்து அவர்களுக்கு முன்னால் ஒழுங்காக ஓட்டிக் காட்டிவிட்டால், இன்னும் இரண்டு மிஷினுக்கு ஆர்டர் வரும், ஆள் குறைக்கிற பேச்சே அடிபட்டுப் போகும். அதைத்தான் அவளிடமும் சொல்லி வைத்திருந்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றியது.

பழுது இதுதான். வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து மெமரி நிறைந்தால், கங்காணி செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் அபாய வேலையை எழுப்ப வேண்டும். அது டெலிபிரிண்டரில் ‘ஆப்பரேட்டர் வரவும்’ என்று இங்கிலீஷில் அடித்து, வரியின் முடிவில் மணியை அடிக்கும். ஆப்பரேட்டர் ஓடிவந்து, இப்போதைக்கு வேண்டாத வேலை எது என்று பார்த்து நிறுத்துவார். அப்படியும் இடம் போதாவிட்டால், கடைசிக்குக் கங்காணியே ஒரு வேலையை வெட்டித் தள்ள வேண்டும். ஆனால் நடந்தது வேறு. மெமரி நிறைந்ததும் மணியும் அடிக்காது, எதுவும் வெட்டுப்பட்டதாகவும் தெரியாது. முன்பக்கத்து விளக்குகள் மட்டும் ஒரே வரிசையில் மினுக்கிக்கொண்டே இருக்கும், மிஷின் கல்லாகிவிடும். அணைக்கு மேல் வெள்ளம் வரும் நேரத்தில் இப்படிக் கல்லானால் என்ன ஆகும் என்று கந்தப்பன் யோசிப்பதில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மிஷின் ஒன்பதாம் தடவையாக நின்றது. கந்தப்பன் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தான். வெளியே ஆடிக்காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்தது. இன்பமேரி டெலிபிரிண்டரிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஊசியில் கோத்த இன்னும் சில துண்டுகளை எடுத்து வந்து அவன் முன்னால் பரப்பினாள்.

"ஒம்பது தடவ நின்னுருக்கு சார். ஒம்பது தடவயும் நிக்கதுக்கு முந்தி இந்த ஒத்த எழுத்து விழுந்துருக்கு. தூசி தட்டி விழுந்ததுன்னு எல்லாரும் கிழிச்சுப் போட்டாங்க. நான் எடுத்து வச்சேன்."

ஒவ்வொரு துண்டிலும் ஓரமாக ஒரே ஒரு ‘ஓ’ என்ற இங்கிலீஷ் எழுத்து. எதற்கு இதையெல்லாம் எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டான். எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்ததும் ஒரு துண்டுச் சீட்டுத் தருவார்கள், அதை அந்த மாதம் முடிகிறவரை எறியக் கூடாது, எறிந்தால் நிறுத்த கொழுந்துக்குச் சாட்சி இல்லை என்று அம்மா அடித்து வளர்த்ததாகச் சொன்னாள். அதனால் அவளுக்குத் துண்டுக் காகிதத்தைக் கண்டால் கை தானாக மடித்து வைக்கும்.

"எனக்கு உங்க நம்பரெல்லாம் புரியாது சார். ஆனா பாக்கதுக்கு, யாரோ கூப்புட வாயெடுத்து, கூப்புடுறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து வாயப் பொத்துன மாதிரி இருக்கு."

கந்தப்பன் அந்த ஒன்பது எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கங்காணியின் புரோகிராம் கட்டை எடுத்து, மூன்று வருடத்துக்கு முன்பு தானே எழுதிய ஒரு பக்கத்தைத் திருப்பினான். பத்தொன்பது நாளில் அந்தப் பக்கத்தை மட்டும் அவன் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அது சரியாகத்தான் இருக்கும் என்பதில் அவனுக்கு அத்தனை உறுதி.

இடம் போதாவிட்டால் யாரை வெட்டுவது என்று சொல்லும் பக்கம் அது. பம்பாயில் பயிற்சிக்குப் போனபோது அங்கே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரியதை வெட்டு என்றார் ஒருவர், சோம்பியிருப்பதை வெட்டு என்றார் இன்னொருவர். கந்தப்பனுக்கு அதெல்லாம் அநியாயமாகப் பட்டது. அவன் எருத்தேன்பதிக்காரன். அவன் ஊர் வாய்க்காலில் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று இரண்டு உண்டு. முதலில் வாய்க்கால் பாய்ந்த வயற்காடுகள் பழையவை, பிறகு வந்து சேர்ந்துகொண்டவை புதியவை. தண்ணீர் குறைந்த வருடம் கடைசியாகச் சேர்ந்தவன் மதகை முதலில் அடைப்பார்கள், அப்புறம் அதற்கு முந்தியவன் மதகு, அப்படியே மேலே போவார்கள். இதில் பெரியவன் சின்னவன் என்று பேச்சில்லை, கெஞ்சலுக்கும் இடமில்லை. கந்தப்பன் அரைமணி நேரத்தில் அதை அப்படியே மிஷினுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான். கடைசியாக வந்த வேலையை முதலில் வெட்டு. அவனைப் பெற்ற அய்யனின் பத்து ஏக்கர் பழைய ஆயக்கட்டில் முதல் மதகுக்குக் கீழே இருக்கிறது. அந்த முறையில் குற்றம் இருக்கக்கூடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அபாய வேலை மெமரியில் குடியிருப்பதில்லை. அது டிஸ்கில் தூங்கும். இடம் தட்டுப்பட்டால்தான் அதை எழுப்பி உள்ளே கொண்டுவருவார்கள். ஆகவே ஆபத்து நேரத்தில் எப்போதும் கடைசியாக வந்தது அதுதான். அது உள்ளே வந்து ‘ஆப்பரேட்டர்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையின் முதல் எழுத்தான ‘ஓ’வை அடிக்கும், அதற்குள் கங்காணி இடம் போதவில்லையே என்று பார்க்கும், கடைசியாக வந்தது யார் என்று பார்க்கும், வெட்டிவிடும். வெட்டியதும் பழைய தட்டுப்பாடு. மறுபடி எழுப்பும், மறுபடி வெட்டும். டெலிபிரிண்டரோ முதலில் வெட்டுப்பட்டவன் பேரிலேயே பூட்டிக்கிடக்கும், அதனால் இரண்டாம் எழுத்து விழ வழியில்லை. கங்காணி எழுப்புவதும் வெட்டுவதுமாகவே சுற்றிக்கொண்டு வேறு எதையும் கவனிக்காது. சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை என்றால், மெமரி காலியாகக் கிடந்த நாளில் சோதித்தான். பசியில்லாத நாளில் பந்தி ஒழுங்காகத்தான் நடக்கும்.

கந்தப்பனுக்குச் சந்தோஷமே வரவில்லை. பத்தொன்பது நாள் மிஷினைத் திட்டியதை எண்ணி வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே இன்னொன்று குறுகுறுத்தது. எதிரே நிற்கிறவளைப் பார்த்ததும் அது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் பென்சிலைத் தேடினான்.

திருத்தம் ஏழு கட்டளைதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறி வைத்தான். குறி உள்ளவனைத் தொடாதே, அவனை விட்டுவிட்டு மற்றவர்களில் கடைசியாக வந்தவனைப் பார். அபாய வேலைக்கு மட்டும் அந்தக் குறியைப் போட்டான். பதில் வராத அழைப்பு தொலைந்துபோகாமல் மெமரியில் சிறிது இடம் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்படியும் செய்தான். இன்பமேரி பக்கத்தில் நின்று பேப்பர் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு யாரும் வரவில்லை என்றால் மிஷின் என்ன செய்யும் என்று கேட்டாள்.

"திருப்பிக் கூப்புடுமுங்க."

"அப்பவும் வரலேன்னா?"

"வராம எங்கீங்க போயிருவீங்க, மேரி? ஆப்பரேட்டரு ஜோலியே அதுதானுங்களே."

அவள் சிரித்தாள். மறுநாள் பத்துத் தடவை மெமரியை வேண்டுமென்றே நிறைத்துப் பார்த்தார்கள். பத்துத் தடவையும் வரி முழுதாக விழுந்தது, மணி அடித்தது, இன்பமேரி எழுந்து போய் ஒரு வேலையை நிறுத்தினாள்.

இருபத்தைந்தாம் தேதி அணைக்காரர்கள் நான்கு பேர் ஜீப்பில் வந்தார்கள். அவர்கள் முன்னால் மணி அடித்தது. எந்த வேலையை நிறுத்தலாம் என்று இன்பமேரி கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்து நிறுத்தினாள். அவர்களில் மூத்தவர் மலையாளத்தில் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார், மிக்சர் தின்றார், அடுத்த மிஷின்களைப் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அடுத்த வருடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கந்தப்பனின் நப்பாசை அந்த இடத்திலேயே செத்தது.

அன்றைக்கே மேனேஜர் அறைக்குப் போனான். பழுதைக் கண்டுபிடித்தது தானல்ல, அந்தப் பெண் என்று சொன்னான். அவளை விட்டால் மிஷினுக்குக் காது இல்லை என்றும் சொன்னான். மேனேஜர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் முறையை மீறி ஒருவரை வேலையில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்றார். ஆனால் ஓர் ஆளைக் குறைப்பது குறைப்பதுதான், அவள் போகவில்லையென்றால் யார் போவது என்பதையும் அதே காகிதத்தில் நீரே எழுதித் தாரும் என்று காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

அவளுக்கு முந்தி வந்தவன் டேப் அடிக்கும் சுருளிவேல். வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, செக்‌ஷனில் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். கந்தப்பன் பேனாவைத் திறந்தான். ஒரு குறி போட்டு ஒருத்தியைக் காப்பாற்றினால் இன்னொருத்தன் தலை உருளும் என்பது அவன் எழுதிய ஏழு கட்டளையிலேயே இருக்கிறது. மிஷினில் அதை எழுதும்போது கை நிற்கவில்லை. இங்கே நின்றுவிட்டது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

சங்கம் ஏதாவது செய்யுமா என்று காளிச்சாமியிடம் போனான். காளிச்சாமி வெல்டிங் செக்‌ஷன், சங்கத்துச் செயலாளர், கந்தப்பனின் ஊர்க்காரன், மாமன் மச்சான் முறை. கேன்டீன் பின்புறம் பீடி பற்றவைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டான். முறை என்று ஒன்று இருப்பதால்தான் மேனேஜருக்குப் பிடிக்காதவன் எல்லாம் இன்னும் வேலையில் இருக்கிறான், அதை ஒருத்திக்காக இளக்கினால் அடுத்த தடவை அவர் சங்கத்துக்காரனாகப் பார்த்துப் பொறுக்குவார் என்றான். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் கந்தப்பனைச் சோர வைத்தது.

"அந்தப் புள்ளதானுங் மச்சா கண்டுபிடிச்சுச் சொன்னது. அதையே வெட்டறதுன்னா மனசு கேக்க மாட்டேங்குது."

"மனசு எங்களுக்கும் கேக்கலீங் மாப்ளே, அன்னைக்கி. மூணு வருசத்துக்கு முந்தி எங்க காடு காஞ்சு கெடந்தப்ப உங்கூட்டுக்கு வந்து ஒரே ஒரு முறைத்தண்ணி கேட்டேன். உங்கய்யன் என்ன சொன்னாருன்னு நெனப்பிருக்குதுங்களா?"

கந்தப்பனுக்கு நினைவிருந்தது. அவனும் அன்றைக்கு வாசலில்தான் நின்றிருந்தான். கடைசியில் வந்தவன் கடைசியில்தான் குடிக்கணும், அதுதான் முறை என்றார் அய்யன். காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அந்த வருடம் அவன் கரும்பு மொத்தமும் கருகியது. அதன் பிறகுதான் அவன் இந்தக் கம்பெனிக்கு வெல்டிங் வேலைக்கு வந்தான். கந்தப்பன் அதே வருடம்தான் கங்காணியை எழுதினான்.

"நெனப்பிருக்குதுங்க," என்றான்.

"அப்பறம் என்னங்க," என்று காளிச்சாமி பீடியைக் காலால் நசுக்கினான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கந்தப்பனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது இன்னொரு யோசனை வந்தது. பெரியதை வெட்டு என்று பம்பாயில் ஒருவர் சொன்னாரே. செக்‌ஷனில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? அவனுடைய ஒரு சம்பளத்தில் இன்பமேரியும் சுருளிவேலும் இரண்டு பேரும் இருக்கலாம். மிஷின் எழுதி முடிந்துவிட்டது. வீட்டில் பத்து ஏக்கர் இருக்கிறது, முதல் மதகுத் தண்ணீர் இருக்கிறது. அவன் போனால் பட்டினி கிடக்கப் போவதில்லை. மேனேஜர் தந்த காகிதத்தில் தன் பெயரை எழுதினால் போதும், சட்டம் தேட வேண்டாம், சங்கத்தைக் கேட்க வேண்டாம். யோசனை வேலந்தாவளம் வரைக்கும் கூடவே வந்தது. அங்கே இறங்கி ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டுக் காட்டில் நிற்கிறவன் என்று நாலு பேர் சொல்வதை நினைத்துப் பார்த்தான். மறுபடி மண்வெட்டியோடு அய்யன் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தான். ஊர் பஸ் வந்தது. யோசனையை அங்கேயே விட்டுவிட்டு ஏறினான். தன்னை நினைத்து அவனுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் ஏறினான்.

அந்தக் காகிதத்தை அவன் மேனேஜருக்குக் கொடுக்கவே இல்லை. எதுவும் எழுதாவிட்டால் முறை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். முப்பத்தொன்றாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். ஒரே ஒரு பெயர்தான். இன்பமேரி அதைப் படித்துவிட்டு வந்து இழுப்பறையைக் காலி செய்தாள். ஊசியில் கோத்த ஒன்பது துண்டையும் கந்தப்பன் மேசையில் வைத்து, இது உங்களுக்கு வேண்டியிருக்கும் சார் என்றாள். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முயற்சி செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது பாதிப் பொய் என்பதால் நின்றுவிட்டான். அவள் போய்வருகிறேன் என்று சொல்லி, டெலிபிரிண்டருக்கு உறை போட்டு மூடிவிட்டுப் போனாள்.

இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. மிஷினை அனுப்புவதற்கு முன் பல நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அணைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஓடட்டும், அதற்கு எதற்கு ஆள் என்றார் மேனேஜர். அதுதான் சரியாகிவிட்டதே.

ஆகஸ்ட் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை கந்தப்பன் செக்‌ஷன் கதவைத் திறந்தான். கதவு பாதியில் தடுத்தது. உள்ளே தரை முழுக்கக் காகிதம். டெலிபிரிண்டரிலிருந்து வழிந்து, மேசையைச் சுற்றி, கதவுவரை வந்து மடிந்து குவிந்து கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பத்துக்கு முதல் வரி. ஆப்பரேட்டர் வரவும். மூன்று பதினொன்று, ஆப்பரேட்டர் வரவும். மூன்று பன்னிரண்டு. காகித உருளை தீர்கிறவரை நிமிடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து, பூட்டிய அறைக்குள்.

புது உருளை மாட்டி மெமரியை அச்சடித்து எடுத்து, தரையிலேயே உட்கார்ந்து பார்த்தான். பதில் வராத ஒவ்வொரு அழைப்பும் அவன் சொல்லிக்கொடுத்தபடி சிறிது இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அதனால் இடம் இன்னும் குறைந்தது. கங்காணி குறி உள்ளவனை விட்டுவிட்டு மற்றவர்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே போயிருந்தது. கணக்கு அச்சடிக்கிறவன் போய்விட்டான், மதகு பார்க்கிறவன் போய்விட்டான், எல்லாருக்கும் முந்தி வந்த நீர்மட்டம் பார்க்கிறவனும் போய்விட்டான். மெமரி முழுக்க அழைப்பு மட்டும் மிச்சம். அந்த எண்களைப் படித்தபோது, அந்த ஆடி மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது. காகிதத்தைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மேனேஜர் போனில் கூப்பிட்டு, மறுபடி மிஷினில் என்ன பழுது என்று கேட்டார்.

"மிஷின்ல பழுது ஒண்ணுமில்லீங்க. அது கூப்ட்டுக்கிட்டேதான் இருந்திருக்குதுங்க. ஆளுதானுங்க இல்ல."

மேனேஜர், மிஷின் போகிறவரைக்கும் தினக்கூலியில் அந்தப் பெண்ணை வரச்சொல்லலாம் என்றார். கந்தப்பன் வாளையாறு தபாலாபீசுக்கு நடந்தே போனான். எஸ்டேட் முகவரியை எழுதினான். கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குத் தந்தியில் இடமில்லை. கடைசியில் அவன் கை எழுதியது மிஷின் எழுதியதைத்தான். ஆப்பரேட்டர் வரவும். தந்தி வாங்கிய கிளார்க் இரண்டே வார்த்தையா என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினான்.

ஒன்பது நாள் கழித்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. சாயந்திரம் நான்கு மணி. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் கிடைக்காததால் கந்தப்பன்தான் அப்போது டெலிபிரிண்டர் பக்கத்தில் உட்காருவது. கடிதத்தைப் பிரித்துப் படித்தான். தந்தி கிடைத்தது என்றும், அம்மா பயந்துபோய் அழுதாள் என்றும், தான்தான் அது ஆபீஸ் தந்தி என்று படித்துச் சொல்லித் தேற்றியதாகவும் எழுதியிருந்தாள். இந்த மாதம் ஏழாம் தேதி கொழுந்துக்குப் பேர் பதிந்துவிட்டேன் சார், லயத்து வீடு எங்களுக்கே நின்றுவிட்டது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் பேரை எடுத்துவிடுவார்கள், இங்கேயும் நான்தான் கடைசியாகப் பதிந்தவள், அதனால் வர முடியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று எழுதியிருந்தாள். மழை விடவில்லை, அட்டை கடிக்கிறது, மற்றபடி சுகம். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி இருந்தது. மணி நன்றாக அடிக்கிறதா சார்?

அவன் அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் ஒரு வரியை முழுதாக அடித்து முடித்து மணியடித்தது. கந்தப்பன் கடிதத்தை ஒன்பது துண்டுக் காகிதத்தோடு அதே ஊசியில் கோத்துவிட்டு, எழுந்து போனான்.